றிமோட் விமானம் பறக்கவிடப் பழக்குவது எப்படி: வன்னி நிலத்துக்கு ஏற்ற முழுமையான வழிகாட்டி

றிமோட் விமானத்தைத் தாமாகவே பறக்கவிடப் பழகியவர்கள் நம் பக்கத்திலும் இருக்கிறார்கள். யூடியூப்பைப் பார்த்து, இரண்டு மூன்று விமானங்களை வயலுக்குள் குத்தி, ஒருவாறு பிடித்துக்கொண்டவர்கள். ஆனால் இன்னொருவருக்குப் பழக்கச் சொன்னால் அவர்களில் பலர் றிமோட்டைத் தங்கள் கையிலேயே வைத்துக்கொண்டு, "இப்பிடித்தான், வடிவாப் பார்" என்று ஒரு பற்றரி முழுவதையும் ஓட்டி முடித்துவிடுவார்கள். பார்த்துக்கொண்டு நிற்பவருக்குக் கழுத்து நோவது மட்டும்தான் மிச்சம்.

இந்த வழிகாட்டி பழக்குபவருக்கானது. மருமகனுக்குப் பழக்க நினைக்கும் மாமா, பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானக் கழகம் நடத்தும் சேர், தம்பி தங்கச்சிக்குச் சொல்லிக்கொடுக்க விரும்பும் அண்ணன் என்று யாராகவும் இருக்கலாம். புதிதாகப் பழகும் பிள்ளை விமானத்தை விழுத்துவது ஸ்டிக்கைக் குறைவாக அசைத்ததால் அல்ல, கூடுதலாக அசைத்ததால். ஆகவே பழக்குபவரின் முதல் வேலை பிள்ளையின் கையைச் சும்மா இருக்கப் பழக்குவது. இரண்டாவது வேலை, தன் கையையும் அப்படியே வைத்திருப்பது. இரண்டாவதுதான் கஷ்டம்.

நிலமும் அனுமதியும்

விமானத்தை வாங்குவதற்கு முன் நிலத்தைப் பாருங்கள். வன்னியில் வெளிக்குக் குறைவில்லை. ஆனால் வெறுமையாகக் கிடக்கும் நிலமெல்லாம் காலடி வைக்கக்கூடிய நிலம் இல்லை. போர் முடிந்தது 2009இல். வடக்கில் மிதிவெடி அகற்றும் வேலை இன்னும் முழுதாக முடிந்துவிடவில்லை. ஒவ்வொரு போகமும் உழுது விதைக்கும் வயல், பிள்ளைகள் நாளாந்தம் விளையாடும் மைதானம் போன்றவற்றை மட்டும் எடுங்கள். ஓரத்தில் பற்றைக்காடு இருந்தால் அதன் நிலவரத்தை ஊரில் பெரியவர்களிடம் விசாரியுங்கள். சனம் விறகுக்குக்கூடப் போகாத காடு என்றால், அல்லது மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை கண்ணில் பட்டால், அந்த இடமே வேண்டாம்.

முதல் பறப்புக்கு முன்னரே பிள்ளைக்கு ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்: விமானம் தெரியாத பற்றைக்குள் விழுந்தால் அது போனதுதான், எடுக்க ஓடக்கூடாது. விமானம் விழுந்த உடனே அதை நோக்கி ஓடுவதுதான் எந்தப் பிள்ளைக்கும் இயல்பு. அதனால் விழுந்த பிறகு சொல்வதில் பயனில்லை.

ஏறக்குறைய 200 மீற்றர் நீளமும் 100 மீற்றர் அகலமும் தடையில்லாமல் இருந்தால் பழக்குவதற்குப் போதும். மின்கம்பி, புகையிரதப் பாதை, ஏ9 போன்ற பெரிய வீதி எதுவும் அருகில் வேண்டாம். காலபோக வெட்டு முடிந்து சிறுபோகத்துக்கு உழ முன் வரும் இடைவெளி, அதாவது மாசி பங்குனி, இதற்கென்றே வைத்ததுபோல இருக்கும். அரிவு வெட்டிய தாள் விழும் விமானத்தைக் கொஞ்சம் தாங்கும். மண்ணும் காய்ந்திருக்கும். வரம்பு மட்டும் கவனம். மேலே பார்த்துக்கொண்டு பின்னால் நடந்தால் காலை வாரிவிடும். வயல்காரரிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள். தரவையில் பறக்கவிடுவதென்றால் மாடுகள் வர முன் முடித்துக்கொள்ளுங்கள். மிரண்ட மாடு எங்கே ஓடும் என்று சொல்ல ஏலாது.

அடுத்தது அனுமதி. "இது ட்ரோன் இல்லை, விளையாட்டு விமானம்தானே" என்று சொல்லித் தப்ப நினைக்காதீர்கள். 2019 ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு தடை வந்தபோது அது ட்ரோனோடு சேர்த்து ஆளில்லாமல் பறக்கும் எல்லாவற்றையும் நிறுத்தியது. பதிவு, உயரம், இடம் பற்றிய நடப்பு விதிகளைச் சிவில் விமான சேவைகள் அதிகார சபையிடம் கேட்டு, அதன்படி ஆயத்தமாகுங்கள். பிறகு பொலிஸ் நிலையத்துக்கும் கிராம அலுவலருக்கும் எழுத்தில் தெரியப்படுத்தி, அந்தக் கடிதத்தின் பிரதியைக் கையில் வைத்திருங்கள். வவுனியாவிலும் இரணைமடுவிலும் முல்லைத்தீவிலும் விமானப்படை முகாம்கள் இருக்கின்றன. அவற்றின் பக்கமோ இராணுவ முகாம் எதன் பக்கமோ போகவே வேண்டாம். ஹெலிகொப்டர் சத்தம் கேட்டால், எவ்வளவு தூரத்தில் என்று ஆராயாமல் விமானத்தை இறக்குங்கள்.

இதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது அயல். வன்னியில் ஒரு தலைமுறை முழுவதும் வானத்துச் சத்தத்துக்குப் பதுங்குகுழி தேடி ஓடியிருக்கிறது. வேவு விமானத்தைச் சனம் வண்டு என்றுதான் சொல்லும். சின்ன மோட்டரின் இரைச்சலும் அந்த வகைதான். ஆகவே முதல் நாளே அக்கம்பக்கத்து வீடுகளுக்குப் போய், விமானத்தைக் கையில் கொடுத்துக் காட்டி, "அம்மா, இதுதான் நாளைக்குப் பறக்கும், பிள்ளையள் பழகினம்" என்று சொல்லிவிடுங்கள். வீடுகளுக்கு மேலே ஒருபோதும் போகாதீர்கள். சொல்லியும் ஒருவர் வேண்டாம் என்றால் வேறு வெளி தேடுங்கள், வாதாடாதீர்கள்.

எந்த விமானம்

பிள்ளை போர் விமானம் போன்ற ஒன்றைத்தான் கேட்கும். வாங்கிக் கொடுக்காதீர்கள். பழகுவதற்கு வேண்டியது இறக்கை உடலுக்கு மேலே இருக்கும் விமானம். இரண்டு இறக்கை நுனிகளும் சற்று மேல்நோக்கி வளைந்திருந்தால் இன்னும் நல்லது. சரிந்தாலும் தானாக நிமிரப் பார்க்கும். இறக்கையின் முழு நீளம் 1 முதல் 1.5 மீற்றர் வரை இருக்கட்டும். அதைவிடச் சின்னது காற்றில் துள்ளும், தூரத்தில் கண்ணுக்கும் படாது. ஹாபிசோன் ஏரோஸ்கவுட் போல மூக்கில் இல்லாமல் பின்னால் புரொப்பெல்லர் வைத்த வகைகள் உண்டு. மூக்குக் குத்தினாலும் மோட்டர் தப்பும் என்பதால் பழக்குவதற்கு என் முதல் தெரிவு அந்த அமைப்புத்தான்.

கையால் செய்யலாமா என்று கேட்பார்கள். தாராளமாக. ரெஜிபோம், மூங்கில் குச்சி, சூட்டுப் பசை, பாக்கிங் டேப், ஒரு சின்ன மோட்டர், மூன்று நான்கு 9 கிராம் சேர்வோ (இறக்கை, வால் தட்டுகளை அசைக்கும் குட்டி மோட்டர்) இருந்தால் பறக்கும் விமானம் செய்யலாம். ஆனால் பழக்குபவர் அதை முதலில் தானே பறக்கவிட்டுச் சீராக்கியிருக்க வேண்டும். பிள்ளையும் புதிது, விமானமும் புதிது என்றால் விழும்போது பிழை எதில் என்றே தெரியாது.

இறக்கையை ஆணியால் இறுக்காமல் ரப்பர் பாண்டால் குறுக்காகக் கட்டும் அமைப்பு நல்லது. விழுந்தால் இறக்கை கழன்று தப்பிக்கொள்ளும்.

றிமோட் 2.4 கிகாஹேர்ட்ஸ் வகையாக, நான்கு சனலாவது (தனித்தனிக் கட்டளை வழி) உள்ளதாக இருக்க வேண்டும். பெரும்பாலானவர்கள் பாவிப்பது மோட் 2: இடக்கை ஸ்டிக்கில் த்ரொட்டிலும் (மோட்டரின் வேகம்) ரடரும் (வாலின் நிமிர்ந்த தட்டு), வலக்கை ஸ்டிக்கில் எலிவேற்றரும் (மூக்கை ஏற்றி இறக்கும் வால் தட்டு) எய்லரோனும் (பக்கம் சரிக்கும் இறக்கைத் தட்டுகள்). உங்கள் கை எதற்குப் பழகியதோ அதையே பிள்ளைக்கும் கொடுங்கள், இல்லாவிட்டால் அவசரத்தில் வாங்கிக் காப்பாற்ற முடியாது. பழக்குவதற்கென்று இரண்டு றிமோட்டை இணைக்கும் வசதி பல றிமோட்டுகளில் இருக்கிறது. உங்கள் றிமோட்டில் ஒரு சுவிட்சைப் பிடித்திருக்கும் வரை விமானம் பிள்ளையின் கையில். விட்டால் அந்தக் கணமே உங்கள் கையில். ஏதாவது ஒன்றுக்குக் கூடக் காசு செலவழிப்பதென்றால் அதற்குச் செலவழியுங்கள்.

தானாக நிமிர்த்தும் கைரோ உள்ள றிசீவர்களும் (விமானத்துக்குள் றிமோட்டின் கட்டளையை வாங்கும் பகுதி) வருகின்றன. வேண்டாம் என்று சொல்லமாட்டேன். முதல் சில பறப்புக்கு வைத்துவிட்டுப் பிறகு நிறுத்துங்கள். கடைசி வரை கைரோவோடு பழகிய பிள்ளை விமானத்தைச் சரித்துத் திருப்பத்தான் பழகியிருக்கும், நிமிர்த்தப் பழகியிருக்காது.

பற்றரி பெரும்பாலும் மூன்று செல் லிப்போ (லிதியம் பொலிமர்), 11.1 வோல்ற், 1300 முதல் 2200 மில்லி அம்பியர் மணி வரை. வெளிநாட்டிலிருந்து வரும் சித்தப்பாவைக் கொண்டுவரச் சொல்வதென்றால் இரண்டைச் சொல்லிவிடுங்கள்: பறக்கும் சாமானுக்குச் சுங்கத்தில் கேள்வி வரும், அனுமதியை முன்னரே விசாரித்துக்கொள்ள வேண்டும், தனிப் பற்றரி கைப்பையில்தான் வரலாம், அனுப்பும் பெட்டிக்குள் போடக்கூடாது.

வயலுக்குப் போக முன், வீட்டில்

முதலில் சிமுலேற்றர். பிக்காசிம் என்ற இலவசச் செயலி போனிலேயே ஓடும். கொம்பியூட்டர் இருந்தால் றிமோட்டைக் கேபிளால் பூட்டிப் பழகலாம், அது இன்னும் நல்லது. பிள்ளையைச் சாகசம் செய்ய விடாதீர்கள்; இடப்பக்கம் ஒரு வட்டம், வலப்பக்கம் ஒரு வட்டம், பிறகு விமானம் தன்னை நோக்கி வரும்போது திருப்புவது, இந்த மூன்றும் போதும். விமானம் எதிரே வரும்போது இடமும் வலமும் மாறித் தெரிவது புதியவர்களை விழுத்தும் இன்னொரு பெரிய காரணம். "உன் கண்ணுக்கு எந்தப் பக்க இறக்கை கீழே போகிறதோ அந்தப் பக்கம் ஸ்டிக்கைக் கொண்டுபோ" என்று சொல்லிக்கொடுங்கள். எதிரே வரும்போது இது எப்போதும் சரிவரும். யோசித்துக் கணக்குப் பார்க்கத் தேவையில்லை. கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடிய அளவுக்குச் சிமுலேற்றரில் ஊறட்டும்.

அப்புறம் புவியீர்ப்பு மையம். இதை விளங்கப்படுத்த வன்னிப் பிள்ளைக்குப் பெரிய பாடம் தேவையில்லை, பட்டம் கட்டியிருப்பான். முச்சை பிழைத்த பட்டம் ஒன்றில் குத்தும், இல்லாவிட்டால் சுழலும். விமானத்திலும் பாரம் பிழையான இடத்தில் இருந்தால் அதேதான் நடக்கும். இறக்கையின் முன் விளிம்பிலிருந்து அதன் அகலத்தில் காற்பங்குக்கும் மூன்றில் ஒரு பங்குக்கும் இடையில் இரண்டு விரலால் தாங்கிப் பாருங்கள். இறக்கை அகலம் 20 செ.மீ. என்றால் முன் விளிம்பிலிருந்து 5 முதல் 6.5 செ.மீ. வரை. அந்த இடத்தில் மூக்கு மிகச் சற்றே கீழே சாய்ந்து நின்றால் நல்லது. வால் தாழ்ந்தால் பறக்கவிடாதீர்கள்; பற்றரியை முன்னுக்குத் தள்ளுங்கள், போதாவிட்டால் மூக்கில் பாரம் ஒட்டுங்கள்.

அடுத்தது ஸ்டிக்கின் கூர்மை. டுவல் ரேற்றை (ஸ்டிக்கை முழுதாகத் தள்ளும்போது தட்டு அசையும் அளவை) 60 அல்லது 70 வீதத்துக்குக் குறையுங்கள். எக்ஸ்போ 30 வீதம் போல வையுங்கள். ஸ்டிக்கின் நடுப்பகுதி மென்மையாகும், பதறும் விரல் விமானத்தைப் பதறவைக்காது. ஃபியூட்டாபா றிமோட்டில் மென்மையாக்கக் கழித்தல் பெறுமானம், ஸ்பெக்ட்ரமில் கூட்டல். மாற்றிப் போட்டால் விமானம் பேய் பிடித்ததுபோல ஆடும். திரையில் கோடு காட்டும் றிமோட் என்றால் நடுப்பகுதி தட்டையாக இருக்கிறதா என்று பாருங்கள்.

ஃபெயில்சேஃபையும் (றிமோட்டின் சிக்னல் அறுந்தால் மோட்டரை நிறுத்தும் ஏற்பாடு) வீட்டிலேயே சரிபாருங்கள். புரொப்பெல்லரைக் கழற்றிவிட்டு, த்ரொட்டிலைப் பாதிக்கு வைத்து, றிமோட்டை நிறுத்துங்கள். மோட்டர் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் அதைச் சரிசெய்யும் வரை வயலுக்குப் போகாதீர்கள்.

பற்றரியைச் சார்ஜ் செய்வது பழக்குபவர் பொறுப்பு, பிள்ளையிடம் விடாதீர்கள். ஒவ்வொரு செல்லையும் தனித்தனியே சமப்படுத்தும் சார்ஜர்தான் வேண்டும். 2200 பற்றரிக்கு 2.2 அம்பியர் கொடுத்தால் ஏறக்குறைய ஒரு மணித்தியாலம் எடுக்கும். செல் ஒன்று 4.2 வோல்ற்றில் நிறையும். மண்சட்டிக்குள் வைத்து, பக்கத்தில் ஒரு வாளி மணலோடு, ஆள் பார்த்துக்கொண்டிருக்கச் சார்ஜ் போடுங்கள். படுக்கும் அறையில் வேண்டாம். வீங்கிய பற்றரி எவ்வளவு விலை கொடுத்து வாங்கியதானாலும் இனிப் பாவிக்கக்கூடாது.

காற்றும் நேரமும்

நம் பக்கத்தில் வைகாசியிலிருந்து ஆவணி புரட்டாசி வரை சோளகம் அடிக்கும். அந்தக் காலத்தில் விடிந்து ஒன்றிரண்டு மணித்தியாலம்தான் உங்களுக்கு. காலை 6 மணிக்கு வயலில் நின்றால் 8 மணிக்குள் நல்ல பறப்புகள் கிடைக்கும். பிறகு காற்று எழும்பும், நிலம் சூடேறும், விமானம் காரணமில்லாமல் ஏறி இறங்கும். ஐப்பசி முதல் மார்கழி வரை மழை, வயலும் சேறு. மாலையில் 5 மணிக்குப் பிறகு காற்றுத் தணிந்தால் ஒரு பற்றரி ஓட்டலாம், ஆனால் கருக்கலில் விமானம் எந்தப் பக்கம் சரிந்திருக்கிறது என்று தெரியாமல் போகும்.

காற்றை அளக்கக் கருவி வேண்டாம். தூரத்துப் பனையைப் பாருங்கள். ஓலை சலசலக்கத் தொடங்கினால் புதியவருக்கு அன்றைய பாடம் முடிந்தது. நீங்கள் வேண்டுமானால் பறக்கவிடுங்கள்.

காற்று செய்யும் ஒரு கண்மாயத்தைத் தரையிலேயே சொல்லிக்கொடுத்துவிடுங்கள். பழகும் விமானம் செக்கனுக்கு 10 மீற்றர் வேகத்தில் போகிறது, காற்று 5 மீற்றர் என்று வைப்போம். காற்றோடு போகும்போது தரையில் நிற்பவருக்கு அது 15 மீற்றர் வேகத்தில் பறப்பதாகத் தெரியும், எதிர்க்காற்றில் 5தான். காற்றோடு போகும்போது "கெதியாப் போகுது" என்று பயந்து பிள்ளை த்ரொட்டிலைக் குறைத்து, மூக்கை இழுக்கும். இறக்கைக்கு உண்மையில் கிடைக்கும் காற்று அதே 10தான், இப்போது அதுவும் குறைந்துவிட்டது. இறக்கை தாங்காமல் விமானம் ஒரு பக்கம் சுருண்டு விழும்.

வயலில், பற்றரி பூட்டும்போது

றிமோட்டை முதலில் போடுங்கள், பிறகு விமானத்தின் பற்றரி. நிறுத்தும்போது எதிர்மாறாக: முதலில் விமானம், பிறகு றிமோட். பற்றரி பூட்டிய பிறகு புரொப்பெல்லருக்கு முன்னால் யாரும் நிற்கக்கூடாது, விரலும் போகக்கூடாது. அந்தச் சின்ன பிளாஸ்டிக் தகடு விரலை எலும்புவரை வெட்டும்.

விமானத்துக்குப் பின்னால் நின்று அசைவுகளைப் பாருங்கள். ஸ்டிக்கை வலப்பக்கம் தள்ளினால் வலது எய்லரோன் மேலே எழும்ப வேண்டும். எலிவேற்றர் ஸ்டிக்கை உங்களை நோக்கி இழுத்தால் வால் தட்டு மேலே எழும்ப வேண்டும். ஒவ்வொரு பறப்புக்கும் முன் இதைப் பிள்ளையே வாய்விட்டுச் சொல்லிச் செய்யட்டும். எய்லரோன் தலைகீழாகப் பூட்டிய விமானத்தை அனுபவக்காரராலும் காப்பாற்றுவது அருமை. றிமோட்டில் தூரப் பரிசோதனை வசதி இருந்தால் முப்பது எட்டு வைத்து நடந்து போய் ஒருமுறை பாருங்கள்.

சூரியன் முதுகுப்பக்கம் இருக்க நில்லுங்கள். விமானம் எப்போதும் உங்களுக்கு முன்னால் பறக்க வேண்டும், தலைக்கு மேலேயோ பின்னாலேயோ அல்ல. வேடிக்கை பார்க்க வரும் பிள்ளைகளை உங்களுக்குப் பின்னால் ஒரு வரம்பில் இருத்துங்கள். வருவார்கள், எந்த வயலானாலும்.

என்ன சொல்லிப் பழக்குவது

மேலே விமானம் பறக்கும்போது நீண்ட வசனம் காதில் ஏறாது. நான்கைந்து சொல்லைத் தரையிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள். நான் விரும்புவது இவை: இடம், வலம், இழு, விடு, தா.

இடமும் வலமும் விமானத்தில் ஏறி இருப்பவரின் இடமும் வலமும்; பார்ப்பவருடையது அல்ல. "இழு" என்றால் எலிவேற்றர் ஸ்டிக்கைத் தன்பக்கம் மெல்ல இழுப்பது. இந்த இடத்தில் "மேலே, மேலே" என்று கத்தவே கத்தாதீர்கள். பதற்றத்தில் பிள்ளை ஸ்டிக்கை மேல்பக்கம் தள்ளும், விமானம் மூக்கைக் குத்திக்கொண்டு நேரே நிலத்துக்குப் போகும். "தா" என்றால் கட்டுப்பாடு உங்களிடம் வருகிறது, கேள்வி இல்லை. இணைந்த றிமோட் இல்லாமல் ஒரே றிமோட்டில் பழக்குவதென்றால் பிள்ளையின் தோளோடு ஒட்டி நில்லுங்கள். "தா" என்றதும் றிமோட்டைக் கிடையாக வைத்தபடி நீட்டுவதைப் பற்றரி பூட்டாமலே பலமுறை பழகுங்கள். பதறிக் கொடுக்கும் கையில் ஸ்டிக் தட்டுப்பட்டு விழுந்த விமானங்கள் உண்டு.

"விடு" என்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய சொல். விரலை எடுப்பது இல்லை. ஸ்டிக் நடுவுக்கு வர விட்டுவிட்டு விரல் அதன் மேலே சும்மா கிடப்பது. நல்ல பழகு விமானம் போதிய உயரத்தில் ஸ்டிக்கை விட்டாலே பெரும்பாலும் தன்னைத் தானே சரிசெய்துகொள்ளும். இதைப் பிள்ளை நம்பாது. நம்பவைக்கும் வழி காட்டுவதுதான்.

முதல் பறப்புகள்

நீங்களே ஏற்றுங்கள். மூன்று பனை உயரத்துக்குக் கொண்டுபோங்கள். பனை ஒன்று ஏறக்குறைய 20 மீற்றர் என்று வைத்தால் 60 மீற்றர். பாதித் த்ரொட்டிலில், ஸ்டிக்கை விட்டாலும் நேராகக் கிடையாகப் பறக்கும்படி ட்ரிம் செய்யுங்கள். ட்ரிம் சரியில்லாத விமானத்தைக் கொடுத்துவிட்டுப் பிள்ளையின் கையைக் குறை சொல்லக்கூடாது. அப்புறம் கொடுங்கள்.

முதல் வேலை ஒன்றுமே செய்யாமலிருப்பது. "விடு" என்று சொல்லி ஐந்து எண்ணுங்கள். விமானம் தானாகப் போவதைப் பிள்ளை பார்க்கட்டும். எல்லைக்குக் கிட்டப் போனதும் நீங்கள் வாங்கித் திருப்பி மீண்டும் கொடுங்கள். இரண்டு மூன்று முறை இப்படிச் செய்தால் தோள் இறங்கும், மூச்சு வரும். இறுக்கிப் பிடித்த பெருவிரல் வெள்ளையாகியிருந்தால் இன்னும் கொஞ்சம் இதையே செய்யுங்கள்.

பிறகு திருப்பம். இதை மூன்றாகப் பிரித்துச் சொல்லுங்கள். ஸ்டிக்கைச் சற்றே ஒரு பக்கம் தள்ளி விமானத்தைச் சரிக்க வேண்டும். சரிந்ததும் நடுவுக்கு விட்டு, மூக்கு இறங்காமல் எலிவேற்றரைத் துளி இழுத்துப் பிடிக்க வேண்டும்; விமானம் திரும்புவது இந்தக் கட்டத்தில்தான். திரும்பி முடிந்ததும் எதிர்ப்பக்கம் தள்ளி நிமிர்த்த வேண்டும். புதியவர்கள் நடுக்கட்டத்தை விட்டுவிடுவார்கள். திரும்பி முடியும் வரை ஸ்டிக்கைத் தள்ளியே வைத்திருப்பார்கள். விமானம் சரிந்து, சரிந்து, தலைகீழாகி இறங்கும். நீங்கள் "விடு" என்று சொல்ல வேண்டிய இடம் அதுதான். அந்தச் சொல் சரியான நேரத்தில் விழுந்தால் றிமோட்டை வாங்கத் தேவையே வராது.

இடம் வலம் இரண்டையும் சமமாகப் பழக்குங்கள். எல்லாப் பிள்ளைக்கும் ஒரு பக்கம் சுகம், மற்றப் பக்கம் சங்கடம். சுகமான பக்கமே சுற்றிக்கொண்டிருந்தால் பிறகு மற்றப் பக்கம் வரவே வராது. எட்டுப் போடச் சொல்லுங்கள். எட்டு ஒன்றில் இரண்டு பக்கத் திருப்பமும் வந்துவிடும். ஒவ்வொரு திருப்பத்தையும் தன்னிடமிருந்து விலகும் திசையில் போடச் சொல்லுங்கள், விமானம் தலைக்கு மேலே வராது.

எப்போது வாங்குவது? இதற்கு ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். என் கோடு ஒரு பனை உயரம். அதற்கு மேலே என்ன பிழை நடந்தாலும் சொல்லால் மட்டும் திருத்துவது. அதற்குக் கீழே வந்தால் பேசாமல் வாங்குவது. பயத்தில் மூன்று பனை உயரத்திலேயே வாங்கிவிடும் பழக்குநரிடம் பழகும் பிள்ளை ஒருநாளும் தானே மீட்கப் பழகாது. மேலே வைத்துப் பிழைவிட்டு, அதிலிருந்து தானே வெளியே வந்த பிள்ளைக்குத்தான் அடுத்த முறை கை நடுங்காது. வாங்கினாலும் ஏசாதீர்கள். இறக்கிய பிறகு, "கடைசித் திருப்பத்திலே என்ன செய்தனீ?" என்று கேளுங்கள். பெரும்பாலும் பிள்ளைக்கே பதில் தெரிந்திருக்கும்.

நேரத்தைக் கவனியுங்கள். 2200 பற்றரியில் 80 வீதத்துக்கு மேல் எடுக்கக்கூடாது. சராசரி 10 அம்பியர் இழுக்கும் விமானம் என்றால் பத்து நிமிடத்துக்குச் சற்று மேல் பறக்கும். ஆனால் றிமோட்டில் அலாரத்தை 6 நிமிடத்துக்கு வையுங்கள், இறங்கும் முயற்சி பிழைத்து மறுபடி சுற்ற மின் மிச்சம் வேண்டும். புதியவருக்கு ஒரே மூச்சில் மூன்று நான்கு நிமிடத்துக்கு மேல் கொடுத்தால் கவனம் சிதறும். இடையில் வாங்கிப் பறக்கவிட்டபடியே கதை கொடுங்கள். ஒரு காலையில் மூன்று நான்கு பற்றரி போதும்.

பருந்து ஒன்று விமானத்தைச் சுற்ற வந்தால் இறக்கிவிடுங்கள். அதன் எல்லைக்குள் நாம்தான் போயிருக்கிறோம்.

மெதுவாகப் பறப்பது, இறக்குவது, ஏற்றுவது

பலர் ஏற்றுவதை முதலில் பழக்குகிறார்கள். நான் கடைசியில். ஏற்றிய விமானம் இறங்கியே ஆகவேண்டும். ஏற்றத் தெரிந்து இறக்கத் தெரியாத பிள்ளையின் கையில் றிமோட் இருப்பது நல்லதல்ல.

இறக்குவதற்கு முந்திய பாடம் மெதுவாகப் பறப்பது. மூன்று பனை உயரத்தில் த்ரொட்டிலைக் குறைத்து, எலிவேற்றரை மெல்ல இழுத்துக்கொண்டே வரச் சொல்லுங்கள். ஒரு கட்டத்தில் விமானம் ஆடி, மூக்கைக் கீழே போடும். "விடு", பிறகு த்ரொட்டில், பிறகு மெல்ல இழு. இறக்கை தாங்காமல் போவது எப்படி இருக்கும், அதற்கு முன் விமானம் என்ன சாடை காட்டும் என்பதை உயரத்தில் வைத்துப் பார்த்தவர்தான் தாழ்வாகப் பறக்கும்போது மூக்கை இழுக்கத் தயங்குவார். இந்தப் பாடத்தைத் தாண்டிப் போகாதீர்கள். தரைக்குக் கிட்டே நடக்கும் விபத்துகளில் பெரும்பங்கு இதைத் தெரியாததால் வருவது.

இறக்கத்தின்போது உயரத்தைத் த்ரொட்டிலாலும் வேகத்தை எலிவேற்றராலும் பிடிக்க வேண்டும். எதிர்க்காற்றுக்கு நேரே, தூரத்திலிருந்து, நீண்ட சரிவில் வரச் சொல்லுங்கள். முதலில் இறங்காமல் கடந்து மட்டும் போகட்டும்: 10 மீற்றர் உயரத்தில் சில தடவை, பிறகு 5, பிறகு ஆள் உயரம். ஒவ்வொரு தடவையும் த்ரொட்டில் போட்டு மீண்டும் ஏறட்டும். "இறங்காமல் போறதும் சரிதான்" என்று பிள்ளைக்கு விளங்கினால் அவசரப்பட்டு நிலத்தில் அமுக்காது. கடைசியில் ஒருமுறை முழங்கால் உயரத்தில் த்ரொட்டிலை முற்றாகக் குறைத்து, இறக்கையைக் கிடையாக வைத்து, தரைக்குச் சற்று முன் மூக்கைத் துளி தூக்கினால் விமானம் தானாக உட்காரும். தாளுக்குள் இறங்குவதால் கொஞ்சம் கரடுமுரடாகத்தான் இருக்கும். இறங்கிய உடனே த்ரொட்டில் பூச்சியத்தில் இருக்கிறதா என்று பார்த்த பிறகே எடுக்கப் போக வேண்டும்.

வயலில் ஓடுபாதை கிடையாது, ஆகவே ஏற்றுவது கையால் எறிந்துதான். எறிபவர் ஒருவர், றிமோட் பிடிப்பவர் ஒருவர். முக்கால் த்ரொட்டிலுக்கு மேல் வைத்து, எதிர்க்காற்றை நோக்கி, இறக்கை கிடையாக, நேரே முன்னால் எறிய வேண்டும். வானத்தை நோக்கி எறியக்கூடாது. வேகம் வர முன்னமே மூக்கு உயர்ந்தால் விமானம் அப்படியே திரும்பி விழும். பின்பக்கப் புரொப்பெல்லர் என்றால் எறிபவரின் கை அதற்குக் கிட்டப் போகாமல் பிடிக்கும் இடத்தை முதலிலேயே குறித்துக்கொள்ளுங்கள். கை விட்ட பிறகு முதல் இரண்டு செக்கன் ஸ்டிக்கைப் பெரிதாக அசைக்காமல் வேகம் பிடிக்க விட வேண்டும்.

ஏற்றி, இரண்டு பக்கமும் எட்டுப் போட்டு, கடந்துபோய், இறக்கி, இதையெல்லாம் நீங்கள் ஒருமுறையும் வாங்காமல் இரண்டு மூன்று காலைகளில் தொடர்ந்து செய்தால் பிள்ளை தனியே பறக்கவிடலாம். அன்று நீங்கள் பத்தடி தள்ளி நில்லுங்கள். பக்கத்தில் நின்றால் வாய் சும்மா இருக்காது.

விழுந்த பிறகு

விழும். முதலில் பற்றரியைக் கழற்றி, வீங்கியோ கிழிந்தோ இருக்கிறதா என்று பாருங்கள். அடிபட்ட பற்றரியை அரை மணித்தியாலமாவது வெளியே மண்ணில் வைத்துப் பார்த்த பிறகே பைக்குள் போடுங்கள். கடையில் வாங்கிய விமானம் பெரும்பாலும் ஈபிஓ ஃபோம். அதைச் சுப்பர் குளூவால் ஒட்டலாம். நசிந்த மூக்கைக் கொதிநீரில் அமிழ்த்தினால் நல்ல பங்கு திரும்பப் பொங்கி வரும். ரெஜிபோமில் சாதாரண சுப்பர் குளூ பட்டால் கரைந்து ஓட்டையாகிவிடும். அதற்குச் சூடு குறைந்த சூட்டுப் பசையும் டேப்பும். வெடித்த புரொப்பெல்லரை ஒட்டாதீர்கள், எறிந்துவிட்டுப் புதிதைப் போடுங்கள். மோட்டர் பூட்டிய இடம் அசைகிறதா, சேர்வோவின் பல் தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். ஒட்டிய பிறகு புவியீர்ப்பு மையத்தை மறுபடி பார்க்க வேண்டும், பசைக்கும் பாரம் உண்டு. இந்த வேலை எல்லாவற்றையும் பிள்ளையே செய்யட்டும்.

வீட்டுக்கு வந்ததும் மிஞ்சிய பற்றரிகளைச் செல் ஒன்றுக்கு 3.8 வோல்ற் அளவுக்குக் கொண்டுவந்து வையுங்கள். சார்ஜரில் சேமிப்பு நிலை என்று தனியாக இருக்கும். நிறைந்தபடியே அடுத்த கிழமை வரை விட்டால் நம் வெக்கையில் கெதியில் வீங்கிவிடும். மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள் மறந்துவிட்டு வராதீர்கள்.